ரோபோ யார் பக்கம்?

(மூணாறில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



அறிவு வளர்ச்சிக் குறைபாட்டுடன் பிறந்த தன் பிள்ளை, தான் இல்லாத காலத்தில் எப்படிப் பிழைக்கும் என்ற கவலை, கொழுந்து கிள்ளும் எத்தனையோ தாய்மார்களின் நெஞ்சில் உண்டு. அதற்கு ஒரு விடை இவ்வூரிலேயே இருக்கிறது. 1991-இல் தொடங்கிய சிருஷ்டி நல மையத்தில் தோட்டத் தொழிலாளரின் மாற்றுத்திறன் பிள்ளைகள் காகிதம் செய்கிறார்கள்; துணிக்கு இயற்கைச் சாயம் தோய்க்கிறார்கள்; ஸ்ட்ராபெரி ஜாம் காய்ச்சுகிறார்கள். தொடங்கியது டாடா தேயிலை நிறுவனம் என்பதால் அந்த உழைப்பின் பெருமை குறைந்துவிடாது. வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, சலிக்காமல் திரும்பத் திரும்பக் காட்ட ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஆளின் இடத்துக்கு ரோபோவைக் கொண்டுவரும் ஆய்வுகள் பல நாடுகளில் நடக்கின்றன. அடுத்த படி எது என்று அது நினைவூட்டும். தவறினால் கடிந்துகொள்ளாமல் மறுபடி சொல்லும். நூறு முறை கேட்டாலும் முகம் சுளிக்காத துணையை யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் அது யாருடைய உடைமை?

அமெரிக்காவில் எம்பாடிட் என்ற நிறுவனம் குழந்தைகளுக்குத் துணையாக மாக்சி என்ற ரோபோவை 799 டாலருக்கு விற்றது. 2024 டிசம்பரில், பணமில்லை, மூடுகிறோம் என்று அறிவித்தது. ரோபோவின் மூளையோ நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. சர்வர் நின்றால் அது வெறும் பொம்மை! ஆய்வுகளில் பெரிதும் பயன்படும் 58 செ.மீ. உயர நாவோ ரோபோவைத் தயாரித்த பிரெஞ்சு நிறுவனமான அல்டிபரானும் 2025-இல் நொடித்துப்போனது. பழகிய குரலை நம்பி வேலை செய்யும் ஒரு தொழிலாளிக்கு அக்குரல் ஒருநாள் திடீரென நின்றால் என்ன ஆகும்?

அருகிலேயே நின்று ஒவ்வோர் அசைவையும் பார்க்கும் இயந்திரம் யாரிடம் கணக்கு ஒப்புவிக்கும் என்பதும் கேள்வியே. கொழுந்து எடை போடும் தராசு யார் கையில் இருந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

முதலில் வேலை வேண்டுமே! 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம் ஒதுக்குகிறது. அதில் 1 சதவீதத்தை அறிவுசார் மாற்றுத்திறனாளிகள், ஆட்டிசம், மனநோய் உள்ளிட்ட பிரிவினரோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டும். தனியார் முதலாளிக்கோ 5 சதவீதம் பேரை அமர்த்த ஊக்கச் சலுகை உண்டு, கட்டாயம் இல்லை.

கேரளத்தில் உள்ளாட்சிகளும் குடும்பஸ்ரீயும் நடத்தும் பட்ஸ் மையங்கள் உள்ளன. ரோபோ வருமானால் அவற்றின் பொதுச் சொத்தாக வரட்டும். மூணாறிலும் சித்தூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும் நம் பிள்ளைகளுக்குப் புரியும் தமிழில் பேசட்டும். பயிற்சியாளர் ஒருவரையும் அது வெளியேற்றக் கூடாது. வரும் கிராம சபையில் இக்கோரிக்கையைத் தாய்மார்களே எழுந்து நின்று வைக்கவேண்டும்.