இசைத்தட்டின் மறுபக்கம்

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரை)



இலக்கிய நிகழ்ச்சியொன்றில் ஹெவி மெட்டல் இசையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றால், உங்களிற் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். நானும் அப்படித்தான் முகஞ்சுளித்தேன்.

கேகாலை மாவட்டத்தில், எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றில் எங்கள் குடும்பம். கொழும்பில் வேலை செய்யும் என் மருமகன் தீபாவளிக்கு வந்திருந்தபோது, கைத்தொலைபேசியில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, "இதக் கொஞ்சம் கேளுங்க மாமா" என்றான்.

"என்னடா இது, தகரத்தப் போட்டு அடிக்கிற மாதிரி இருக்கு?"

"தகரத் தொழிற்சாலையில அடிபட்ட கைதான் மாமா வாசிக்குது" என்றான் அவன்.

அந்தக் கையின் கதை இதுதான். இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் தொழிற்சாலைகள் நிறைந்த நகரம். அங்கே உலோகத் தகடு செய்யும் ஆலையொன்றில் டொனி அயோமி என்ற பதினேழு வயது இளைஞன் வேலை செய்தான். 1965ஆம் ஆண்டு, வேலையை விட்டு விலகவிருந்த கடைசி நாளில், இயந்திரம் அவனது வலக்கையின் இரு விரல் நுனிகளைத் துண்டித்துவிட்டது. இடக்கைப் பழக்கமுள்ள அவனுக்குக் கிற்றார் தந்தியை அழுத்துவது அந்த வலக்கைதான். அவன் வாத்தியத்தைக் கைவிடவில்லை. பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரல்களுக்கு உறை செய்தான். மெல்லிய தந்திகளைப் பூட்டினான். பாரமான அந்த இசை பிறந்த கை காயப்பட்ட தொழிலாளியின் கை.

அவனோடு சேர்ந்தவர்கள் ஒஸி ஒஸ்போர்ன், கீசர் பட்லர், பில் வோட். ஒஸி மாடறுக்கும் இடத்திலும் வேலை செய்தவர். நால்வரும் அமைத்த குழுதான் பிளாக் சபத்.

1970 ஜனவரியில் அவர்களுடைய முதலாவது சிறிய இசைத்தட்டு வெளிவந்தது. முன்பக்கத்தில் 'ஈவில் வுமன்'. அது குரோ என்ற அமெரிக்கக் குழுவின் பாட்டு. விற்பனைக்காகச் சேர்க்கப்பட்ட இரவற்சரக்கு. அது விலைபோகவில்லை. பின்பக்கத்தில் அவர்களுடைய சொந்தப் பாட்டு, 'விக்கெட் வேர்ல்ட்'. பொல்லாத உலகம் என்று சொல்லலாம். அடுத்த மாதம் வந்த முதற்பெருந்தட்டின் பிரித்தானியப் பதிப்பில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. அமெரிக்கப் பதிப்பில் மட்டும் இரவற்பாட்டை நீக்கிவிட்டு அதைச் சேர்த்தார்கள். அதே ஆண்டில் வந்த 'பரனோயிட்' பிரித்தானிய விற்பனை வரிசையில் நான்காம் இடத்தை எட்டியது. இந்தப் பாட்டை அவ்வளவாக யாரும் பேசவில்லை.

அதில் என்ன இருக்கிறது? யார் போருக்குப் போய்ச் சாவது என்று தீர்மானிக்கும் அரசியல்வாதி இருக்கிறார். மனிதனைச் சந்திரனுக்கு அனுப்பிவிட்டு, பூமியில் பழைய நோய்களுக்கு ஆட்களைச் சாகவிடும் உலகம் இருக்கிறது. நாள்தோறும் கூலிக்குப் போகும் தாயும், தகப்பன் யாரென்று அறியாமல் அழும் பிள்ளையும் இருக்கிறார்கள்.

நேயர்களே, இதை நான் எங்கோ கேட்டிருக்கிறேனே! விடியுமுன் பால்வெட்டப் போகும் தாய், பிள்ளைக்காம்பராவில் அழும் குழந்தை, தாய் வெளிநாட்டுக்குப் போய்விட்ட வீடு. இவை எங்கள் லயத்துச் செய்திகள் அல்லவா? அதே 1970இல்தான் மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையின் 'போர்ன் டு லேபர்' என்ற ஆங்கில நூலும் வெளிவந்தது. உழைக்கவே பிறந்தவர்கள் என்பது அதன் பொருள். ஒருவரையொருவர் அறியாத இரு திசைகளிலிருந்து ஒரே வேதனை பேசப்பட்டிருக்கிறது.

இனி என் குற்றத்தைச் சொல்லவேண்டும். எங்கள் லயத்தில் பெரியப்பா ஒருவர் தப்படிப்பார். வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி அவர் அடிக்கத் தொடங்கினால் மலையே அதிரும். திருவிழாவுக்கும் சாவீட்டுக்கும் அவர் வேண்டும். மறுநாள் அவரை ஏனென்று கேட்பாரில்லை. ஒருமுறை என் பள்ளிக்கூடச் சிநேகிதர்கள் பக்கத்தில் நின்றபோது அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் தெரியாதவன்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் காலமாகிப் பல ஆண்டுகளாகின்றன. அந்தத் தப்பு பரணில் கிடக்கிறது.

2025 ஜூலை 5ஆம் திகதி, பிளாக் சபத் தம் கடைசி நிகழ்ச்சியைத் தாம் வளர்ந்த அஸ்டன் பகுதியின் விளையாட்டு மைதானத்திலேயே நடத்தியது. நடக்க இயலாத ஒஸி ஆசனத்தில் அமர்ந்தபடி பாடினார். பதினேழு நாட்களில் அவர் மறைந்தார். இரைச்சல் என்று ஒருகாலம் இகழப்பட்ட இசையை அவர்களுடைய ஊர் தன் சொந்தக் குரலாக ஏற்றுக்கொண்டது.

நாம் எப்போது ஏற்கப்போகிறோம்? இரவற்சரக்கை முன்பக்கத்திலும், நம் சொந்தக் குரலைப் பின்பக்கத்திலும் வைத்துக்கொண்டு எவ்வளவு காலம் இருப்பது?

மருமகனிடம் இதைச் சொன்னேன். அவன் பரணைப் பார்த்தான். "தோலு மாத்தணும் மாமா" என்றான். மாற்றலாம் என்றேன்.