பிள்ளை கையில் கொடுத்தனுப்பும் பாத்திரம்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்வியின் மேன்மையைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். எனக்கு முன் பேசியவர்கள் அதனைச் செவ்வனே பேசிவிட்டார்கள். ஆகவே நான் ஒரு சிறு பொருளை எடுத்துக்கொள்கிறேன். பொங்கல் விடுமுறைக்கு முந்தின நாள், குழந்தைகள் தினம், மேல்வகுப்பினருக்குப் பிரிவு உபசாரம் ஆகிய நாள்களில், வகுப்பறையில் பிள்ளைகள் கூடி உண்பதற்கென்று தாய்மார்கள் வீட்டிலே ஏதேனும் செய்து கொடுத்தனுப்புகிறார்கள் அல்லவா? அந்தப் பாத்திரத்தைப் பற்றியே பேசப்போகிறேன். இது அடுப்படிச் செய்தி, இதில் சங்கம் பேச என்ன இருக்கிறது என்று எண்ணுபவர்கள் சற்றே பொறுத்துக் கேட்க வேண்டுகிறேன்.

நம் செங்கல்பட்டு மாவட்டத்துப் பள்ளிகளுக்கு அந்நாள்களில் வந்து சேரும் பண்டங்கள் ஊருக்கு ஊர் வேறுபடும். மதுராந்தகம், செய்யூர்ப் பக்கம் மணிலா உருண்டையும் கேழ்வரகு அடையும் வரும். கடலோரத்துப் பனைகள் தரும் கிழங்கை அவித்துக் கட்டுக் கட்டாகக் கொண்டுவருவார்கள். தை மாதம் அதற்கேற்ற காலம். வசதியுள்ள வீடுகளிலிருந்து அதிரசமும் முறுக்கும் வரும். நம் பிள்ளைகளின் கையிலோ பெரும்பாலும் ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலங்கள் வருகின்றன. நான் பணிபுரிந்த பள்ளிகளில் கண்டதைச் சொல்கிறேன். வறுமையே காரணம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். கணக்கு அவ்வாறு சொல்லவில்லை. 40 பிள்ளைகளுக்கு 40 பொட்டலம் என்றால் 200 ரூபாய். அந்தப் பணத்திற்கு மணிலாவும் வெல்லமும் வாங்கினால் வகுப்பு முழுவதற்கும் உருண்டை பிடிக்கலாம். வீட்டிலுள்ள சிறு பிள்ளைகளுக்கும் மிஞ்சும்.

காரணம் வேறு. சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் பொங்கல் விழா நடந்தது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி முருங்கைக் கீரை சேர்த்துத் தட்டிய கேழ்வரகு அடையை எவர்சில்வர் தூக்கில் கொண்டுவந்தாள். விழா முடிந்தபின் பாத்திரங்கள் வைத்திருந்த மேசையைப் பார்த்தேன். மற்றவை எல்லாம் காலியாக இருந்தன. அவளுடைய தூக்கின் மூடி மட்டும் திறக்கப்படவே இல்லை. எவரும் ஒரு கடுஞ்சொல் கூறவில்லை. எவரும் எவரையும் தடுக்கவில்லை. பிள்ளைகள் அந்த மூடியைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள், அவ்வளவுதான். மறு ஆண்டு அவள் பிஸ்கட் கொண்டுவந்தாள். அவள் தாயிடம் கேட்டபோது அந்த அம்மாள் சொன்ன விடையை அப்படியே சொல்கிறேன்: "பாக்கெட்டுன்னா எல்லாரும் வாங்கிக்கிறாங்க சார். அதுல எங்க கை படலையே."

தோழர்களே, இதனை எந்தச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவருவீர்கள்? அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டமும் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நம் கையில் இருக்கின்றன. தனிக் குவளை வைத்தால் வழக்குத் தொடரலாம். திறக்கப்படாத தூக்கின்மேல் எந்தக் காவல் நிலையமும் வழக்குப் பதியாது.

பள்ளிக்கூடத்தில் ஒன்றாக உண்ணும் வரலாறு நம் மாநிலத்திற்கு நீண்டது. 1920இல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த தியாகராய செட்டியார் காலத்தில் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தொடங்கினார்கள். 1956இல் பெருந்தலைவர் காமராசர் மதிய உணவைத் தமிழகமெங்கும் கொண்டுசென்றார். 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவாக விரிவாக்கினார். 2022இல் காலை உணவுத் திட்டமும் வந்தது. இவற்றால் நம் பிள்ளைகள் பசியாறினார்கள். வரிசையில் மற்றவர்களோடு அமர்ந்து உண்டார்கள். இதனைச் சிறிதென்று எவர் சொன்னாலும் நான் ஒப்ப மாட்டேன். ஆயினும் அங்கே கொடுக்கும் கை அரசாங்கத்தின் கை. நாம் பெறுபவர்களாக ஒரே வரிசையில் அமர இடம் கிடைத்தது. நாம் கொடுப்பதைப் பிறர் பெற்றுக்கொள்வார்களா என்பதே மீதமிருக்கும் கேள்வி.

அந்தக் கேள்வி எழும்போதெல்லாம் நடப்பதைப் பாருங்கள். 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் அவிநாசியை அடுத்த ஓர் அரசுப் பள்ளியில் நம்மவரான ஒரு பெண்மணி சத்துணவு சமைக்க வந்தபோது ஊரார் சிலர் எதிர்த்தார்கள். முதலில் அந்த அம்மாளைத்தான் இடம் மாற்றினார்கள். போராட்டம் எழுந்த பிறகே மாறுதல் ரத்தாகி, எதிர்த்தவர்கள்மேல் வழக்குப் பதிவாயிற்று. 2023இல் கரூர் மாவட்டத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில், காலை உணவு சமைத்தவர் பட்டியல் சாதிப் பெண் என்பதற்காகப் பிள்ளைகளை உண்ண வேண்டாமென்று பெற்றோர் சிலர் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியரே நேரில் சென்று எச்சரித்து, அவ்வுணவை உண்டு காட்ட வேண்டியிருந்தது. அரிசி அரசாங்கத்தின் அரிசி, பருப்பு அரசாங்கத்தின் பருப்பு. கை மட்டுமே நம்முடையது.

இவ்விரண்டிலும் தடை பிள்ளைகளிடமிருந்து எழவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1920களில் வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்திலும் இதே கதைதான். தேசியக் கல்வி தருவதற்கென்று பொதுமக்கள் பணத்தில் எழுந்த அந்நிலையத்தில் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவு அளிக்கப்பட்டது. அவர்களுடைய பெற்றோரின் விருப்பம் என்று காரணம் கூறப்பட்டது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதனை எதிர்த்து நாடே அறியச் செய்தார்கள். ஒரு பந்தியின் பொருட்டுத் தமிழ்நாட்டின் அரசியலே திசை மாறியது என்று சொன்னால் அது மிகையன்று.

நம் மாவட்டத்தின் மைந்தர் இரட்டைமலை சீனிவாசன் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்தவர். வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்தவர். அவர் கோவையில் படித்த காலத்தைத் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். தம் சாதி தெரிந்துவிடும் என்று அஞ்சி மாணவர்களோடு பழகாமல், மணி அடிக்கும்வரை வெளியே எங்கேனும் படித்துக்கொண்டிருந்துவிட்டு வகுப்பிற்குள் நுழைவாராம். வகுப்பு கலைந்ததும் எவரும் எட்டிப் பிடிக்காதபடி விரைந்து வீடு சேர்வாராம். அவ்வளவு பெரிய மனிதருக்கே பிள்ளைப் பருவத்தில் மறைந்துகொள்வது ஒன்றே வழியாக இருந்தது. ஒரு நூற்றாண்டுக்குமேல் ஆகிவிட்டது. இன்று நம் பிள்ளை ஓடி ஒளிவதில்லை. ஆனால் அந்த அச்சம் பிஸ்கட் பொட்டலத்திற்குள் போய் ஒளிந்துகொண்டிருக்கிறது என்பது என் எண்ணம்.

பிறகு எங்கள் பள்ளியில் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். முதல் ஆண்டு எல்லாப் பண்டங்களையும் வாங்கித் தாம்பாளங்களில் கலந்து பரிமாறினோம். எது எவர் வீட்டுப் பண்டம் என்று தெரியாததால் எல்லோரும் உண்டார்கள். சிக்கல் தீர்ந்தது, இப்படியே விட்டுவிடலாம் என்றார்கள் உடன் பணியாற்றிய ஆசிரியர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெயரை மறைத்து ஊட்டுவதும் பொட்டலத்தில் மறைத்துக் கொடுப்பதும் ஒன்றுதான். ஆகவே மறு ஆண்டு ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து, இது என் தாய் செய்தது, இன்ன விதமாகச் செய்தது என்று சொல்லித் தானே மூடியைத் திறக்க வேண்டுமென்று ஏற்பாடு செய்தோம். ஆசிரியர்கள் எல்லாப் பாத்திரத்திலிருந்தும் எடுத்து முதலில் உண்டோம். பெற்றோர் சிலர் வந்து முறையிட்டார்கள். உங்கள் பிள்ளை உண்டுதான் ஆக வேண்டுமென்று நான் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் எவர் வீட்டுப் பாத்திரத்தையும் தனியே வைக்க மாட்டேன் என்று விடை சொன்னேன். அவ்வாண்டு இரு மாணவர்கள் உண்ணவில்லை. அவர்களில் ஒருவன் அடுத்த ஆண்டு வந்து மணிலா உருண்டை கேட்டு வாங்கினான். மற்றவன் பள்ளியை விட்டுப் போகும்வரை உண்ணவே இல்லை.

வீட்டுப் பண்டம் சுத்தமாக இராது, பொட்டலமே பாதுகாப்பு என்று சொல்லும் படித்தவர்களும் உண்டு. தேங்காய் அரைத்துச் சேர்த்தது வெயிலில் ஊசிப்போகும். சில பிள்ளைகளுக்கு மணிலா ஒவ்வாது. இவற்றைக் கேட்டறிந்து நடப்பது ஆசிரியரின் கடமை. ஆனால் சுத்தம் என்ற சொல் நம் நாட்டில் எத்தனையோ காலமாக வேறொரு வேலையும் செய்து வருகிறது. அதே வாய்கள் கடைத்தெருவில் பஜ்ஜி வாங்கும்போது சுத்தத்தை விசாரிப்பதில்லை.

விடிவதற்கு முன் வேலைக்குப் போகும் தாய்மார்கள் நம்மில் பலர். அவர்கள்மேல் இது இன்னொரு சுமையாகக் கூடாது. ஒரு படி அவித்த மணிலா போதும். அதையும் தந்தை அவிக்கலாம், தவறில்லை.

சமபந்தி ஒன்றினாலேயே சாதி ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அம்பேத்கர் 1936லேயே, கலந்து உண்பது மட்டும் போதாது, கலப்பு மணமே மெய்யான மருந்து என்று எழுதிவிட்டார். ஆனால் பத்து வயதில் பக்கத்துப் பிள்ளையின் தூக்கைத் திறக்க அஞ்சியவன் இருபத்தைந்து வயதில் எந்த வாசலைத் துணிந்து மிதிப்பான்?

இளைஞர்களுக்குக் கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். 2021 அக்டோபரில் மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானத்தில் பூஞ்சேரியைச் சேர்ந்த நரிக்குறவர் பெண் ஒருவரைப் பந்தியில் அமர விடாமல் அனுப்பினார்கள். அவர் துணிந்து பேசியது நாடெங்கும் பரவியது. அமைச்சர் சேகர்பாபு அவரோடு அமர்ந்து உண்டார். அவ்வாண்டுத் தீபாவளியன்று முதலமைச்சர் ஸ்டாலின் பூஞ்சேரிக்கே சென்று பட்டாக்கள் வழங்கினார். நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். அமைச்சர் அமர்ந்தார், சரி. நாம் அமர்ந்தோமா? நம் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள இருளர் குடியிருப்பிலிருந்து ஒரு பாத்திரம் வந்தால் நம் வீட்டில் அதனைத் திறக்கிறார்களா? நமக்குச் செய்யப்பட்டதை நமக்கடுத்தவர்க்கு நாம் செய்துகொண்டிருந்தால், மேலே இருப்பவனைக் கேள்வி கேட்க நமக்கு நா எழுமா?

ஆகவே சங்கத்தின் பொறுப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். நீங்கள் நடத்தும் மாலை நேர வகுப்புகளுக்கு இருளர், நரிக்குறவர் பிள்ளைகளும் வருகிறார்கள். வரும் பொங்கலுக்கு முன் அவ்வகுப்புகளில் ஒரு நாள் ஒதுக்குங்கள். கடைப் பொட்டலம் வேண்டாமென்று முன்கூட்டியே வீடுகளுக்குச் சொல்லியனுப்புங்கள். எல்லா வீட்டிலிருந்தும் பாத்திரங்கள் வரட்டும். இருளர் பிள்ளைகளின் பாத்திரத்தை முதலில் திறந்து, செயற்குழு உறுப்பினர்கள் அங்கேயே அமர்ந்து உண்ணட்டும். நாள் குறித்துச் சொன்னால் நானும் வருகிறேன். மணிலா அவித்துக் கொண்டுவருவது என் பொறுப்பு.