கலாசாலை மாணாக்கரும் கிராமப் பள்ளி உபாத்தியாயரும்

(கிராமப் பள்ளி உபாத்தியாயர்களும் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கூட்டுறவு என்பது கடனையும் வட்டியையும் பற்றிய விஷயம் என்றே அநேகர் எண்ணுகின்றனர். ஒருவரிடம் உள்ளதையும் மற்றொருவரிடம் உள்ளதையும் ஒன்றுசேர்த்து, தனித்தனியே செய்ய இயலாத காரியத்தை இருவரும் சேர்ந்து செய்வதே கூட்டுறவாகும். இத்தத்துவம் கல்விக்கும் பொருந்தும்.

பாலாற்றுப் பள்ளத்தாக்கில் கலாசாலைகளுக்குக் குறைவில்லை. வேலூரில் ஊரீசு கலாசாலையும் முத்துரங்கம் அரசினர் கலாசாலையும், பெண்களுக்கு ஆக்சிலியம் கலாசாலையும் உள்ளன. மேல்விஷாரத்தில் அப்துல் ஹக்கீம் கலாசாலையும், ஆம்பூரில் மஸ்ஹருல் உலூம் கலாசாலையும், வாணியம்பாடியில் இஸ்லாமியா கலாசாலையும் நடைபெறுகின்றன. இவற்றில் நுட்பமான தராசு உண்டு. பரிசோதனைச் சாலை உண்டு. விஞ்ஞானம் கற்கும் வாலிபர்கள் உண்டு. சில மைல் தூரத்திலுள்ள கிராமப் பள்ளியிலோ, உபாத்தியாயர் கரும்பலகையில் படம் எழுதியே ரசாயனத்தை விளக்க வேண்டியிருக்கிறது. இவ்விரு திறத்தாரையும் எவ்வாறு இணைப்பது என்பதே இன்று ஆராய வேண்டிய விஷயம்.

இது புதிய யோசனையன்று. அமெரிக்காவின் தேசிய விஞ்ஞான ஸ்தாபனம் 1999-இல் ஒரு திட்டம் தொடங்கியது. விஞ்ஞானத்தில் மேற்படிப்புப் படிக்கும் மாணாக்கருக்கு உதவிச் சம்பளம் கொடுத்து, ஒவ்வொருவரையும் ஒரு பள்ளி உபாத்தியாயருடன் சேர்த்து வகுப்பில் வேலை செய்யச் செய்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2011-இல், அத்திட்டத்தை முடித்துக்கொள்ளத் தீர்மானித்தது.

நமது தேசத்திலோ அதற்கு வெகுகாலம் முன்பே இம்முயற்சி நடந்தது. மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் ஜில்லாவில் (இப்பொழுது நர்மதாபுரம்), 1972-இல், கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராம நிலையம் ஆகிய இரு ஸ்தாபனங்கள் 16 பள்ளிகளில் வேலையைத் தொடங்கின. பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தாரும், பின்னர் டில்லி சர்வகலாசாலையைச் சேர்ந்தோரும் வந்து, கிராம உபாத்தியாயர்களுடன் அமர்ந்து, பிள்ளைகள் தம் கையாலேயே செய்து பார்க்கத்தக்க பாடங்களை வகுத்தனர். உபாத்தியாயர்கள் மாதந்தோறும் கூடி, வகுப்பில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசினர். அவர்கள் சொன்னதைக் கேட்டுப் பாடம் திருத்தப்பட்டது. பரீட்சையிலும் புத்தகத்தைத் திறந்து பார்க்க அனுமதி உண்டு. 1978-இல் அம்முறை ஜில்லா முழுவதும் பரவியது. பின்னர் ஏகலவ்யா என்னும் ஸ்தாபனம் அதனை ஏற்று நடத்தியது. ஏறக்குறைய ஆயிரம் பள்ளிகளுக்கு எட்டிய பின், 2002-இல் அந்த மாகாண சர்க்கார் அதனை நிறுத்திவிட்டனர்.

இவ்விரண்டிலிருந்தும் அறிய வேண்டுவது யாதெனில், மேலிருந்து வரும் உதவி என்றேனும் ஒருநாள் நின்றுபோகக் கூடும் என்பதே. நின்ற பிறகும் நிலைத்திருப்பது உபாத்தியாயர் கைவசமாக்கிக்கொண்ட வித்தை ஒன்றுதான். ஆகையால், வருகின்ற மாணாக்கர் உபாத்தியாயருக்குத் துணையாக வரவேண்டுமேயன்றி, அவர் இடத்தில் நின்று பாடம் நடத்த வரலாகாது.

தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 28-ஆம் தேதி வானவில் மன்றம் என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்காக, 13,000-க்கு மேற்பட்ட அரசினர் பள்ளிகளுக்கு, 700-க்கு மேற்பட்ட ஊழியர்கள் பரிசோதனைச் சாமான்களுடன் செல்வதாக ஏற்பாடு. மிகவும் நல்ல காரியம். ஆயினும் கணக்கிட்டுப் பாருங்கள். ஒருவர் பங்குக்குப் பதினெட்டுப் பள்ளிகள் வருகின்றன. ஒரே பள்ளிக்கு அவர் எத்தனை முறை வர இயலும்? இடைப்பட்ட நாட்களை அருகிலுள்ள கலாசாலையின் மாணாக்கர் நிரப்பினால், உபாத்தியாயருக்குத் தொடர்ந்து துணை கிடைக்கும்.

இனி, இப்பிரதேசத்துக்கு இது ஏன் விசேஷமாகப் பொருந்தும் என்பதைக் கவனிப்போம். வேலூர், இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் தோல் பதனிடுதல் பெருந்தொழில். 100 கிலோ பச்சைத் தோல் அழுகாதிருக்க ஏறக்குறைய 40 கிலோ உப்பு இடுகின்றனர். மயிர் நீங்கச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைக்கின்றனர். முன்னாளில் ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய்ச் சாற்றிலும் பதனிட்டனர். இப்பொழுது குரோமிய உப்பு மிகுதியாக வழங்குகிறது. பாடப் புத்தகம் காரம், அமிலம், உப்பு என்று கூறுவதெல்லாம் இங்கே தெருக்கோடியில் நடைபெறுகிறது. அதைப் பிள்ளைகளின் தகப்பனார் கையால் செய்கிறார். ஆயினும் அதற்கும் பாடத்துக்கும் சம்பந்தம் உண்டென்று பிள்ளைக்குத் தெரிவதில்லை.

முதற் பாடமாக இதைச் செய்யலாம். தச்சர்கள் பயன்படுத்தும் வச்சிரப் பசை தோலைக் காய்ச்சி எடுப்பது. அதைச் சிறிது வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, இரு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றுக. ஒன்றில் ஆவாரம்பட்டைக் கஷாயத்தையும், மற்றொன்றில் வெறும் நீரையும் அதே அளவு சேர்க்க. கஷாயம் சேர்ந்த குவளை கலங்கி, துகள்கள் திரண்டு நிற்கும், மற்றது அவ்வாறாகாது. பட்டையின் துவர்ப்புச் சத்து தோலின் சத்துடன் பிணைவதே காரணம். தோல் கெடாமல் நிற்பதும் இப்பிணைப்பினாலேயே. குரோமிய உப்பையும், மயிர் நீக்கும் சல்பைடையும் மட்டும் பிள்ளைகள் தொடும்படி வைத்தல் கூடாது.

இரண்டாவது பாடம் கிணற்று நீர். ஊரின் மூன்று கிணறுகளிலிருந்து 200 மில்லி லிட்டர் வீதம் நீர் எடுத்து, வற்றக் காய்ச்சி, மிஞ்சிய உப்பை நிறுத்து, ஐந்தால் பெருக்கினால் ஒரு லிட்டரில் உள்ள உப்பு தெரியும். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றும், வேறு நீர் கிடையாதவிடத்து 2,000 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர அளவு கூறுகிறது. 200 மில்லி லிட்டரில் 500-இன் வீதம் என்பது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கேயாம். அதை நிறுக்கக் கடைத்தராசு உதவாது. கலாசாலைத் தராசு வேண்டும். மாணாக்கரின் துணை இன்றியமையாதது இவ்விடத்திலேதான்.

இது வெறும் பள்ளி விளையாட்டன்று. 1996 ஆகஸ்டு 28-இல் சுப்ரீம் கோர்ட்டு வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில் அளித்த தீர்ப்பு, தோல் பதனிடும் பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் சாகுபடி நிலம் பகுதியாகவோ முற்றிலுமாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதென்ற ஆய்வை எடுத்துக் கூறிற்று. அளந்து எழுதி வைத்தவர் இருந்தமையாலேயே அக்குறை நீதிமன்றத்தில் நின்றது. தம் ஊர்க் கிணற்றைத் தாமே அளக்கத் தெரிந்த பிள்ளை, நாளை பிறர் சொல்லுக்குக் காத்திராத குடியானவனாவான்.

இவ்விடத்தில்தான் உபாத்தியாயரின் அறிவு முதன்மை பெறுகிறது. ஒரே வகுப்பில் கிணறு கெட்ட தோட்டக்காரரின் மகனும், தோல் வேலையே ஜீவனமாகக் கொண்டவரின் மகளும் அருகருகே அமர்ந்திருப்பர். தாயார் பாதரட்சைத் தொழிற்சாலைக்கு விடியுமுன் செல்லும் வீட்டுப் பிள்ளையும் இருக்கும். தகப்பன் தொழிலைச் சொல்லக் கூசும் பிள்ளையும் இருக்கும். வெளியூர் மாணாக்கர் இதனை அறியார். ஒரு சொல் தவறினால் ஒரு பிள்ளையின் மனம் புண்படும். உப்பு எவ்வளவு என்று தராசு கூறுமேயன்றி, எங்கிருந்து வந்ததென்று கூறாது. பாறையும் உரமும்கூடக் காரணமாகலாம். ஆகவே முதலில் அளந்து, தேதியிட்டு எழுதி, மழைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்குமுன் யாரையும் குற்றம் கூறலாகாது. இப்பொறுமையைக் கற்பிப்பதே விஞ்ஞானம்.

கூடி வேலை செய்வோர் அனுசரிக்க வேண்டிய முறைகள் வருமாறு:

முதலாவது, எந்தப் பாடத்துக்குத் துணை வேண்டுமென்பதை உபாத்தியாயரே தெரிவிக்க வேண்டும்.

இரண்டாவது, ஒரு மாணாக்கருக்கு ஒரு பள்ளியே. வாரத்தில் ஒரு நாளேனும், ஓராண்டு முழுவதும் வருதல் வேண்டும்.

மூன்றாவது, எப்பரிசோதனையையும் வகுப்புக்கு முன்பே இருவரும் சேர்ந்து செய்து பார்க்க வேண்டும். வகுப்பில் அதனை உபாத்தியாயரே நடத்த வேண்டும்.

நான்காவது, தராசு தவிர, சாமான்கள் ஊர்ச் சந்தையில் கிடைப்பனவாக இருக்க வேண்டும்.

ஐந்தாவது, செய்ததும் கண்டதும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதப்பட்டுப் பள்ளியிலேயே இருக்க வேண்டும். மாணாக்கர் போய்விடுவார், புத்தகம் போகாது.

இதனால் மாணாக்கருக்கும் லாபமுண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தமிழில் விளங்கச் சொல்ல முயலும்போதுதான், தாம் கற்றதில் எது விளங்கியது, எது மனனமே என்பது அவருக்குத் தெரியவரும்.

சங்க அங்கத்தினர்களே! இதற்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. மாணாக்கரின் பஸ் சார்ஜும், சில குவளைகளின் விலையும், ஒரு வேளை உணவும் போதும். ஊரார் சேர்ந்து இதனை ஏற்றால் இத்திட்டம் ஊருடையதாகும். ஊருடையது எளிதில் நிற்காது. வருகிற பள்ளி ஆண்டில் ஒவ்வொரு கிராமமும் ஓர் உபாத்தியாயரையும் ஒரு மாணாக்கரையும் இணைத்து, ஒரு கிணற்றையேனும் அளந்து எழுதி வைக்குமாயின், அதுவே நல்ல தொடக்கமாகும்.