அடைக்கோழி

பச்சைமலை அடிவாரத்தை ஒட்டிய கெங்கவல்லியில் என் இளமை கழிந்தது. எங்கள் வீட்டில் ஒரு சிவப்புப் பெட்டைக்கோழி இருந்தது. அதன் முட்டையும் குஞ்சும் என் தாயாருக்கே உரியவை. அவற்றை விற்றுச் சேர்த்த சிறுவாட்டுப் பணத்தில்தான் என் பள்ளிப் புத்தகங்கள் வந்தன. ஆகவே, அக்கோழி அடையில் அமர்ந்துவிட்டால் அது எங்கள் குடும்பத்துக்கே முக்கியமான செய்தியாகும்.

அடைக்கோழியை அறிவது எளிது. முட்டையிடுவதை நிறுத்திவிடும், கூட்டை விட்டு எழாது, கை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி, புரோலாக்டின் என்னும் ஹார்மோனை மிகுதியாகச் சுரப்பதே இதற்குக் காரணம் என்பது அறிவியல்.

என் தாயார் ஒரு கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பினார். இட்டு ஒரு வாரத்துக்கு மேற்படாத 13 முட்டைகளைத் தேர்ந்து வைத்தார். பொழுது சாய்ந்தபின் கோழியை அமர்த்தினார். இருளில் அமர்த்தினால் கோழி புதிய இடத்தை எளிதில் ஏற்றுக்கொள்ளும். அருகில் தானியமும் நீரும், புழுதியில் புரளச் சாம்பல் கலந்த மண்ணும் இருந்தன. நாள்தோறும் ஒருமுறை எழுந்து, தின்று, குடித்து, முட்டைகள் ஆறுமுன் அது திரும்பிவிடும்.

கோழி சும்மா உட்கார்ந்திருப்பதாக எண்ணிவிடாதீர்கள். அதன் மார்பின் அடியில் இறகு உதிர்ந்த வெறுந்தோல் முட்டைகளைத் தொட்டுச் சூடேற்றுகிறது. நாளில் பலமுறை அலகால் அவற்றைப் புரட்டுகிறது. புரட்டாவிடில் கரு ஓட்டின் உட்புறச் சவ்வில் ஒட்டிக்கொள்ளக்கூடும். நாமக்கல் பகுதியின் குஞ்சு பொரிப்பகங்களில் இயந்திரங்கள் செய்வதும் இதுவே. அங்கே ஏறத்தாழ 37.5 பாகை செல்சியஸ் வெப்பம் காக்கப்படுகிறது. தட்டுகள் மணிக்கொரு முறை சாய்க்கப்படுகின்றன. 18-ஆம் நாள் அளவில் அது நிறுத்தப்படுகிறது. ஆனால், கடையில் வாங்கும் பண்ணை முட்டையை அடைவைத்துப் பார்க்காதீர்கள். சேவலின்றி இட்ட முட்டையில் கரு ஏது?

ஏழாம் நாள் இரவு, முட்டைகளை ஒவ்வொன்றாக விளக்கொளியில் பிடித்துப் பார்த்தோம். பதினொன்றில் சிவந்த நூல்போல் இரத்தக் குழாய்கள் படர்ந்திருந்தன. வெறுமையாய்த் தெரிந்த இரண்டையும் தாயார் எடுத்துவிட்டார். கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் அடைமுட்டையின் வளர்ச்சியை ஆராய்ந்து, மூன்று நாளில் இதயம் ஒரு செம்புள்ளியாகத் துடிப்பதை எழுதிவைத்திருக்கிறார்.

இருபதாம் நாள் இரவு முட்டைகளுக்குள்ளிருந்து கீச்சொலி கேட்டது. தாய்க்கோழி மெல்லிய குரலில் விடையளித்தது. மறுநாள் காலையில் ஒரு முட்டையில் சிறு துளை தெரிந்தது. அதன்பின் பல நாழிகை அசைவே இல்லை. குஞ்சு வெளிவர முடியாமல் தவிக்கிறது என்று நினைத்து, தாயார் இல்லாத வேளையில் நான் ஓட்டை உரித்தேன். சவ்விலிருந்து இரத்தம் கசிந்தது. நண்பகலுக்குள் குஞ்சு இறந்துபோயிற்று.

தாயார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "அது சும்மா கெடக்கல கண்ணு. ஓட்டுக்குள்ளே அதுக்கு வேலை இருக்குது" என்றார்.

அது என்ன வேலை என்பதைப் பிற்காலத்தில் படித்து அறிந்தேன். குஞ்சு முதலில் முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறையைத் துளைத்து, நுரையீரலால் மூச்சுவிடப் பழகுகிறது. பிறகு ஓட்டைத் துளைக்கிறது. அடுத்த பல மணி நேரத்தில், சவ்விலுள்ள இரத்தம் உடலுக்குள் திரும்புகிறது. எஞ்சிய மஞ்சட்கருவும் வயிற்றுக்குள் சேர்கிறது. அதன்பின்னரே சுற்றிலும் ஓட்டை வெட்டி வெளிவருகிறது. நான் ஓய்வு என்று எண்ணிய நேரமே அதன் உயிர் முழுமைபெறும் நேரம்!

அன்று மாலைக்குள் மற்றவை பொரிந்தன. ஒன்று மட்டும் ஓட்டுக்குள்ளேயே மடிந்தது. தாயார் ஒன்பது குஞ்சுகளை எண்ணிக் கூடையில் விட்டார். என்னால் இறந்ததைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

உங்கள் வீட்டிலும் கோழி அடையிருக்கலாம். நல்ல முட்டை, இருண்ட இடம், தீனி, நீர் ஆகியவற்றைத் தருவது நம் கடமை. கடைசி மூன்று நாளும் கையை மடக்கிக்கொண்டிருப்பதும் நம் கடமையே. பொரிந்த குஞ்சுக்கு உடனே தீனி இல்லையே என்றும் கலங்கவேண்டாம். வயிற்றிலுள்ள மஞ்சட்கரு இரண்டு நாள் வரை தாங்கும். ஈரம் உலர்ந்து அது தாயின் இறகுக்கு வெளியே தலைநீட்டும்போது, சிறிது நீரும் நொய்யும் வையுங்கள்.