கடையில் வாங்கும் அடிமைத்தனம்



போதை என்றவுடன் நாம் கள்ளையும் கஞ்சாவையும் நினைக்கின்றோம். தலைவலிக்கென வாங்கிய குளிகையை எவர் நினைக்கின்றார்?

பிரித்தானியாவைப் பாருங்கள். அங்கே கோடீனும் இபுபுறூபனும் கலந்த குளிகை வைத்தியரின் சீட்டின்றியே மருந்துக்கடைகளில் விற்கப்படுகின்றது. கோடீன் அபினைச் சேர்ந்தது. அதில் ஒரு பகுதியை நமது ஈரல் மோர்பீனாக மாற்றிவிடுகின்றது. மூன்று நாட்களுக்கு மேல் உட்கொள்ளலாகாது என்ற எச்சரிக்கை பெட்டியிலேயே உண்டு. அதனையும் மீறி நாளொன்றுக்கு 30 குளிகை விழுங்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள்! குளிகைக்கு 200 மில்லிகிராமாக, 6,000 மில்லிகிராம் இபுபுறூபன் அவர் வயிற்றினுள் செல்கின்றது. சீட்டின்றி உட்கொள்ளத்தக்க உச்ச அளவோ 1,200. இரைப்பை புண்ணாகிக் குருதி கசிகின்றது; சிறுநீரகம் கெடுகின்றது. அவர் நாடியது கோடீனை. அவரை வீழ்த்துவதோ அவர் நாடாத மற்றைய மருந்து!

அவுஸ்திரேலியா 2018 பெப்ரவரி முதலாந் திகதி தொடக்கம் கோடீனைச் சீட்டின்றி விற்பதைத் தடுத்தது. பிரித்தானியா 2024இல் கோடீன் கலந்த இருமற் பாணியை மாத்திரம் கட்டுப்படுத்தியது. சட்டம் பயின்ற நாம் இவற்றை வரவேற்கின்றோம். ஆனால், கடைக்கதவை மூடும் சட்டம், ஏற்கெனவே அகப்பட்டுக்கொண்டவருக்கு வைத்தியசாலைக் கதவைத் திறந்துவிட வேண்டாமா?

திடீரென நிறுத்தினால் வியர்வையும் வயிற்றோட்டமும் உறக்கமின்மையும் அவரை வாட்டும். அளவைப் படிப்படியாகக் குறைத்து மீட்கலாம். அடிமைத்தனம் முற்றியவருக்கு வைத்தியரின் மேற்பார்வையில் புப்ரநோர்பின் கொடுத்து மீட்கலாம். அவர் நோயாளி, குற்றவாளியல்லர். தடை விதிக்கும் அதே சட்டவாக்க சபை, அதே நாளில் இச்சிகிச்சைக்கும் பணம் ஒதுக்க வேண்டும் என்றே நாம் கேட்கின்றோம்.