இயற்கைவழித் தீர்வுகளும் அறிவின் ஒழுங்கமைப்பும்

(அலுவலர்க்கும் மாணவர்க்கும் நிகழ்த்தப்பெற்ற உரை)

தென் பீகாரில் மூன்று பக்கம் கரை எழுப்பி, நான்காம் பக்கத்தை நிலத்தின் ஏற்றத்திற்கே விட்டு, சரிந்து வரும் மழைநீரைத் தேக்கும் அமைப்பிற்கு 'ஆகர்' என்று பெயர். ஆற்றுநீரை அதற்குக் கொண்டுவரும் வாய்க்கால் 'பைன்' எனப்படும். தமிழ்நாட்டின் ஏரியும், கர்நாடகத்தின் கெரெயும், தெலங்கானாவின் செருவும் ஆகருக்கு நெருங்கிய உறவின. இராஜஸ்தானின் அல்வர் மாவட்டத்தில் உள்ள 'ஜோஹட்' தோற்றத்தில் இவற்றை ஒத்ததாயினும் பயனில் வேறுபட்டது. நிலத்தடி நீரைப் பெருக்குவதே அதன் முதன்மையான தொழில்.

இவற்றையெல்லாம் 'குளம்' என்ற ஒரே தலைப்பின்கீழ்ப் பதிவு செய்தால் வேறுபாடு மறைந்துவிடும். வட்டாரப் பெயர்களில் தனித்தனியே பதிவு செய்தாலோ உறவு மறைந்துவிடும். திட்டம் தீட்டுவோர் நாள்தோறும் சந்திக்கும் இடர்ப்பாடு இது.

நிபந்தனையின்றி நிற்கும் செய்தி

இயற்கைச் சூழலைக் காத்தும், சீர்ப்படுத்தியும், முறையாகப் பயன்படுத்தியும் சமுதாயத்தின் இன்னல்களைத் தீர்க்கும் செயல்களை இயற்கைவழித் தீர்வுகள் என்பர். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் பேரவை 2022 மார்ச்சில் இதற்குப் பொது வரையறை வகுத்தது. எனினும் ஓரிடத்தில் தீர்வாக அமைவது மற்றோரிடத்தில் தீங்காக முடிவதுண்டு. குஜராத்தின் கட்ச் பகுதியில், உவர்நிலம் பரவுவதைத் தடுக்கும் பொருட்டு 1960-களில் பன்னிப் புல்வெளியில் சீமைக்கருவேல் வளர்க்கப்பட்டது. நாளடைவில் அது புல்வெளியையே பெருமளவு கவர்ந்துகொண்டு, கால்நடை வளர்ப்போரின் வாழ்வை நெருக்கியது. 'இம்மரம் நிலத்தைக் காக்கும்' என்ற செய்தியோடு, 'எந்நிலத்தில், யாருடைய பிழைப்பிற்கு ஊறின்றி' என்ற நிபந்தனையும் இணைந்திருக்க வேண்டும்.

ஒரிசாவில் 1999 அக்டோபரில் வீசிய பெரும்புயலைப் பற்றி 2009-இல் வெளிவந்த ஆய்வும் இதற்குச் சான்று. கேந்திரபாரா மாவட்டத்தில், கடலுக்கும் ஊருக்கும் இடையே அகன்ற அலையாத்திக் காடு இருந்த ஊர்களில் உயிரிழப்பு குறைவு என அது கண்டது. அரசின் முன்னெச்சரிக்கை காடுகளைவிட மிகுதியான உயிர்களைக் காத்தது என்பதையும் அதே ஆய்வு கூறுகிறது. முதற்செய்தி பரவி இரண்டாவது விடுபட்டுப் போனால், காடு வளர்த்தோர் எச்சரிக்கைப் பணியில் அயர்ந்துவிடக்கூடும்.

பொருளுறவு அமைப்பு

இக்குறையைப் போக்கத் துணைநிற்பது 'ஆன்டாலஜி' எனப்படும் பொருளுறவு அமைப்பு. ஒரு துறையில் வழங்கும் கருத்துகளையும் அவற்றிடையே உள்ள உறவுகளையும் கணிப்பொறி கையாளும் வண்ணம் வரையறுத்து வைப்பதே இது. உலகளாவிய வலையில் உள்ள செய்திகளை இவ்வாறு பொருளுறவால் பிணைக்கும் 'பொருளுணர் வலை' என்னும் கருத்தை டிம் பெர்னர்ஸ்-லீயும் அவர்தம் துணைவரும் 2001-இல் விரிவாக எடுத்துரைத்தனர். இதற்கான 'ஓ.டபிள்யூ.எல்.' என்ற பொதுமொழி 2004-இல் ஏற்கப்பட்டது.

எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் எனத் தமிழ் இலக்கணம் பகுப்பதைப் போன்றே இங்கும் ஒவ்வொரு செய்தியும் மூன்று உறுப்புகளாகப் பதிவாகிறது. 'அலையாத்திக் காடு தணிக்கிறது புயலலையை' என்பது ஒன்று; 'அலையாத்திக் காடு வேண்டுகிறது ஓதநீர் வந்துபோகும் சேற்றுநிலத்தை' என்பது மற்றொன்று. ஓதம் எட்டாத மணற்கரை ஒன்றுக்கு இத்தீர்வை ஓர் அலுவலர் நாடினால், அது பொருந்தாமையைக் கணிப்பொறி சுட்டிக்காட்ட இயலும். அவ்வாறே, 'மழைநீரைத் தேக்கிப் பாசனத்திற்கு உதவும் அமைப்பு' என்று தேடுவோர்க்கு ஆகரும் ஏரியும் செருவும் ஒருங்கே கிட்டும். நிலத்தடி நீரைப் பெருக்க விரும்புவோர்க்கு ஜோஹட் முன்வந்து நிற்கும். வட்டாரப் பெயர் எதுவும் இதனால் அழிவதில்லை.

இத்தகைய சிந்தனை இந்தியாவிற்குப் புதிதன்று. நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1933-இல் சென்னையில் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, பொருளைப் பல கூறுகளாகப் பிரித்து மீண்டும் இணைக்கும் நெறியை வகுத்தது. பொருள், ஆற்றல், இடம், காலம் முதலியனவாக அவர் பிற்காலத்தில் விரித்த அடிப்படைக் கூறுகள், இயற்கைவழித் தீர்வுகளைப் பதிவு செய்வதற்கும் உகந்தவை.

அறிவுக்கு உரியவர்

இவ்வறிவில் பெரும்பகுதி ஏட்டில் இல்லை. நீர் பாய்ச்சுவோர், மீனவர், மேய்ப்போர் ஆகியோரிடம் உள்ளது. பல்லுயிர்ச் சட்டம், 2002-இன் வழி உருவாகும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடுகள் இதைத் தொகுக்க வழிசெய்கின்றன. மஞ்சளின் புண்ணாற்றும் தன்மைக்கு அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமை, இந்தியா காட்டிய எழுத்துச் சான்றுகளால் 1997-இல் நீக்கப்பட்டது, பதிவின் வலிமையை உணர்த்தியது. ஆயினும் சொன்னவர் யார், அவர் இசைந்தாரா, பயன் அவரைச் சேருமா என்பவையும் பதிவின் உறுப்புகளாதல் வேண்டும்.

மொழியறிஞர், நூலகர், பொறியாளர், ஊர்ப் பெரியோர் ஆகியோர் கூடியமர்ந்து சொற்களின் பொருளை முடிவு செய்வதே இப்பணியின் கடினமான பகுதி. கணிப்பொறி அதன்பின் வருவது. மாவட்ட அலுவலர் ஒருவர் மாற்றலாகிச் செல்லும்போது, அவர் கற்றது அவரோடு சென்றுவிடாமல், நிபந்தனைகளுடன் அடுத்தவர் கைக்குக் கிடைக்குமானால் இம்முயற்சி தன் பயனை அடைந்ததாகும்.