மீனுக்கும் வெயில் உறைக்கும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



வண்ண மீன் வளர்க்கக் கடன் கேட்டு சில குழுக்கள் தீர்மானம் போட்டிருக்கீங்க. சந்தோஷம். பணம் கைக்கு வருமுன் ஒரு விஷயம் பேசணும். அது தண்ணீரின் சூடு.

முதலில் என் தவறைச் சொல்லிடறேன். சில வருஷத்துக்கு முன் ஒரு குழுவை தங்கமீன் வாங்கச் சொன்னேன். மார்கழி, தை நல்லாப் போச்சு. சித்திரை மத்தியானம், திறந்த தொட்டியில் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்குச்சு. மூணு நாளில் முக்கால்வாசி செத்து மிதந்தது. அந்தச் சகோதரிகள் கூலி வேலைக்குப் போய்த்தான் தவணை கட்டினாங்க.

காரணம் என்ன? தங்கமீன் குளிர்ந்த நீர் மீன். 18 முதல் 24 டிகிரி சூடுதான் அதற்குச் சுகம். மேலும், தண்ணீர் சூடாகச் சூடாக அதில் பிராணவாயு குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டரில் சுமார் 9 மில்லிகிராம் இருக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். ஆனால் சூட்டில் மீனுக்குத் தேவையோ கூடும்.

நம்ம அருப்புக்கோட்டை, திருச்சுழி வெயிலுக்கு கப்பி, மோலி, பிளாட்டி போன்ற குட்டி போடும் மீன்களே ஆரம்பத்துக்கு நல்லது. இவற்றுக்கு 24 முதல் 28 டிகிரி ஏற்றது. தண்ணீர் கொஞ்சம் உவராக இருந்தாலும் மோலி தாங்கும். தங்கமீனையும் இவற்றையும் ஒரே தொட்டியில் விடாதீங்க.

செய்ய வேண்டியவை:

1. தொட்டிக்கு மேல் கீற்றுக் கொட்டகை போடுங்க.

2. வெப்பமானி வாங்கி காலை 6 மணிக்கும் மத்தியானம் 2 மணிக்கும் அளந்து எழுதுங்க.

3. சூடு ஏறினால் ஐஸ் கொட்டாதீங்க. திடீர் மாற்றம் மீனைத் தளர்த்தும். வெண்புள்ளி நோய் வரலாம். நிழலில் வைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்க. காற்றுக் குழாய் ஓடட்டும்.

4. புது மீன் வந்தால் பையோடு 15 நிமிஷம் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைப் பைக்குள் சிறிது சிறிதாகக் கலந்து, பிறகு விடுங்க.

தை மாசத் தண்ணீரைப் பார்த்து மீனைத் தேர்ந்தெடுக்காதீங்க. சித்திரையை மனசில் வைத்து முடிவு பண்ணுங்க. அன்று நஷ்டப்பட்ட குழு இப்போ மோலி வளர்க்கிறாங்க. கணக்கு நோட்டோடு சூடு எழுதும் நோட்டும் வைத்திருக்காங்க. கடன் கேட்டு வரும்போது நீங்களும் அப்படி ஒரு நோட்டைக் கொண்டு வாங்க.